எட்டு நாள் பயணமும் 35 வருட உத்தியோகமும்

அன்புள்ள மருமகளுக்கு,

போன வாரம் மேலூர் வீட்டு மொட்டை மாடியில், அழகர்மலைப் பக்கம் கிளம்பி நாலைந்து நிமிஷத்தில் கிழக்கே மறைந்த வெளிச்சத்தைக் காட்டி, "அதுக்குள்ள போகணும்னா என்ன மாமா படிக்கணும்?" என்று கேட்டாய். பரோட்டா ஆறுகிறது என்று உன் அம்மா கூப்பிட்டதில் பதில் பாதியில் நின்றுபோனது. மீதி இது.

அதற்கென்று தனிப் படிப்பு எதுவும், விண்வெளிக்குப் போன முதல் இந்தியரான ராகேஷ் சர்மாவுக்குக் கிடைக்கவில்லை. ககாரின் விண்வெளிக்குப் போன 1961-இல் சர்மா ஹைதராபாத்தில் 12 வயதுப் பள்ளிப் பையன். 1966-இல் புனே பக்கத்திலுள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் அவர் சேர்ந்தபோது இந்தியாவிடம் சொந்தமாக ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. 1970-இல் விமானப்படை அதிகாரி ஆனார். அடுத்த வருடமே பாகிஸ்தானுடன் போர். மிக்-21 விமானத்தில் 21 முறை போர்முனைக்குப் பறந்தார். அப்போது வயது 22.

பிறகு டெஸ்ட் பைலட். பழுது பார்த்து டெப்போவை விட்டு வெளியே வரும் பஸ்ஸை, ஆள் ஏற்றுவதற்கு முன் ஒருவர் ஓட்டிப் பார்த்து, "பிரேக் இழுக்குது, சத்தம் வருது" என்று சொல்வார் அல்லவா? அதே வேலைதான், ஆகாயத்தில். இயந்திரம் முரண்டு பிடிக்கும்போது பதறாமல், என்ன நடந்தது என்று கீழே வந்து கோர்வையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

1982-இல் சோவியத் விண்வெளிப் பயணத்துக்குச் சர்மாவும் ரவீஷ் மல்ஹோத்ராவும் தேர்வானார்கள். அதற்காகச் சர்மாவைப் பெங்களூரில் ஓர் அறையில் 72 மணி நேரம் தனியாக அடைத்து வைத்துப் பார்த்தார்கள். அடுத்து மாஸ்கோ பக்கத்திலுள்ள நட்சத்திர நகரம். அங்கே பாடம், கருவி, கட்டளை எல்லாமே ரஷ்ய மொழியில். தினமும் ஆறேழு மணி நேரம் மொழியை உருப்போட்டு, மூன்றே மாதத்தில் ஓரளவு பேசப் பழகிவிட்டார். மல்ஹோத்ராவும் அதே பயிற்சியை முடித்தார். ஆனால் மாற்று ஆளாகத் தரையிலேயே நின்றார். அவர் பெயரைப் பொது அறிவுப் புத்தகங்களில் தேடிப் பிடிக்க வேண்டியிருப்பது எனக்கு ஒரு மனக்குறை.

1984 ஏப்ரல் 3. பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் டி-11 கலம் கிளம்பியது. சோவியத் வீரர்கள் யூரி மாலிஷேவ், கென்னடி ஸ்த்ரெகாலோவ் இருவரும் சர்மாவோடு போனார்கள். சல்யூட்-7 விண்வெளி நிலையத்தில் இருந்து சர்மா இந்திய நிலப்பரப்பைப் படமெடுத்தார். எடையற்ற நிலையில் தசைகளுக்கு யோகா உதவுமா என்று தன் உடம்பையே வைத்துச் சோதித்தார். மைசூரின் பாதுகாப்பு உணவு ஆய்வகம் கட்டிக் கொடுத்த பொட்டலங்களில் சூஜி அல்வா இருந்தது. நம் ரவா கேசரியின் வடக்கத்திச் சொந்தக்காரன்தான். இந்தியா எப்படித் தெரிகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டதற்கு, கவிஞர் இக்பால் பாட்டின் முதல் வரியைச் சொன்னார். போய் வந்த கணக்கு 7 நாள், 21 மணி, 40 நிமிடம்.

திரும்பி வந்தவர் மாலையும் மேடையுமாக உட்கார்ந்துவிடவில்லை. 1987-இல் விமானம் கட்டும் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் சேர்ந்து நாசிக்கிலும் பெங்களூரிலும் பழையபடி விமானங்களை ஓட்டிப் பார்த்தார். 2001-இல்தான் பறப்பதை விட்டார். பிறகு வீடு கட்டிக் குடியேறியது நம் நீலகிரிக் குன்னூரில்.

நீ மாடியில் பார்த்த அந்த வெளிச்சம் சர்வதேச விண்வெளி நிலையம். சர்மாவுக்கு 41 வருடம் கழித்து, 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா அதற்குள் போய் 18 நாள் இருந்தார். இந்தியா தானே ஆட்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக 2024 பிப்ரவரியில் அறிவித்த நான்கு பேரில் அவரும் ஒருவர். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் இன்னொருவர். ககன்யான் ராக்கெட்டின் விகாஸ் என்ஜினை எரித்துச் சோதிக்கும் இடம், நாம் நாகர்கோவிலுக்குப் போகும்போது வலப்பக்கம் தெரியும் மகேந்திரகிரி மலையடிவாரம்.

நான்கு பேருமே ஆண்களாச்சே என்று நீ முகத்தைத் தூக்குவாய். டெஸ்ட் பைலட்டுகளிலிருந்து மட்டும் எடுத்தார்கள். அந்த வேலையில் அன்று பெண்கள் இல்லை. தேசிய பாதுகாப்பு அகாடமி பெண்களைச் சேர்த்ததே 2022-இல்தான். முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். விமானப்படைப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். நுழைவுத் தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது.

மேலே ஈர்ப்பு விசை இல்லாததால்தான் மிதக்கிறார்கள் என்று உன் தோழி சொன்னாளாம். தப்பு. ஈர்ப்பு அங்கேயும் இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் ஒன்றாகப் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். போன சித்திரைப் பொருட்காட்சியில் ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு மேலே வருது என்று கத்தினாயே, அதில் துளியூண்டு உனக்குத் தெரிந்திருக்கும். இந்த வருஷம் ஏறும்போது கண்ணை மூடாமல் இரு. கையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு, இறங்குகிறபோது அதன் கனம் குறைகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா