வெப்சைட்டில் ஸ்டாக் இருக்கு, குடோனில் இல்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது 1964-இல். பிறகு காக்களூர், திருமழிசை, திருமுடிவாக்கம் என்று சிட்கோ பேட்டைகள் பெருகின. இன்று பாடியில் தொடங்கி பூந்தமல்லி தாண்டியும் லேத், பிரஸ், போல்ட், ஸ்பிரிங், ரப்பர் பாகம் என்று சின்னச் சின்ன யூனிட்டுகள். பாடியின் பெரிய ஆட்டோ கம்பெனிகளுக்கோ ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கோ சரக்கு கொடுத்தே பழகியவர்கள் பலர். அவர்களில் சிலர் இப்போது இணையத்திலும் விற்கிறார்கள். வெளியே வேர்ட்பிரஸில் ஒரு வெப்சைட், கடைப் பகுதிக்கு வூகாமர்ஸ். உள்ளே பர்ச்சேஸ், ஸ்டாக், பில்லிங் பார்க்க ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ, டோலிபார் மாதிரி ஏதோ ஓர் ஓப்பன் சோர்ஸ் ஈஆர்பி. நடுவில் ஓர் ஆள். காலையில் வந்ததும் வெப்சைட் ஆர்டர்களைப் பார்த்து ஈஆர்பியில் மறுபடியும் டைப் அடிப்பவர். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால், வெப்சைட்டில் இருக்கும் ஸ்டாக் குடோனில் இருக்காது.

இரண்டையும் இணைத்துவிட்டால் இந்தத் தலைவலி தீரும் என்பது சரிதான். ஆனால் இணைப்பதைப் பற்றிப் பேட்டையில் டீ நேரத்தில் பேசிக்கொள்வதில் பாதி சரியில்லை.

“ஓப்பன் சோர்ஸ்னா ஃப்ரீதானே சார், அப்புறம் எதுக்குக் கொட்டேஷன்?”

லைசென்ஸுக்குக் காசில்லை, அவ்வளவுதான். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல் 3 உரிமத்தில் கிடைக்கிறது. இறக்கி நிறுவ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சர்வர் வாடகை, பேக்கப், பழைய டேட்டாவைச் சுத்தம் செய்வது, புதிய பதிப்புக்கு மாறும்போது இணைப்பு அறுந்தால் சரிசெய்வது எல்லாம் செலவுதான்.

ஓடூ விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெல்ஜியத்திலிருந்து வரும் இந்த மென்பொருளில் கம்யூனிட்டி பதிப்புதான் ஓப்பன் சோர்ஸ்; என்டர்பிரைஸ் பதிப்பு கட்டண உரிமம். டெமோவில் காட்டுகிற முழு அக்கவுண்டிங் பகுதி பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும். ஓடூவின் சொந்த கிளவுடில் வாங்கினால், வெளி மென்பொருள்கள் ஏபிஐ என்ற வாசல் வழியாகத் தொடுவதற்கு அதன் கஸ்டம் திட்டம் வேண்டும். அதற்குக் கீழுள்ள திட்டத்தை வாங்கிவிட்டு வேர்ட்பிரஸை இணைக்கச் சொன்னால் கதவே திறக்காது. கொட்டேஷனில் முதல் வருடச் செலவையும் இரண்டாம் வருடச் செலவையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வேலை கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

“ஒரு பிளகின் போட்டா ரெண்டும் பேசிக்கும்.”

பேசிக்கொள்ளும். என்ன பேசுகின்றன என்பதில்தான் வில்லங்கம்.

தொழில்நுட்பம் தடையாக இருந்த காலம் போய்விட்டது. 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸுக்குள்ளேயே ரெஸ்ட் ஏபிஐ இருக்கிறது. ஈஆர்பிநெக்ஸ்டில் ஐட்டம், கஸ்டமர், சேல்ஸ் ஆர்டர் என எல்லாப் பதிவுகளுக்கும் அதே போன்ற வாசல் உண்டு. கம்பியை இழுப்பது ஓரிரு நாள் வேலை. இரு பக்கமும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் வாரங்கள் பிடிக்கும்.

ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்வோம். எம்8, நாற்பது மில்லிமீட்டர் நீளம். ஸ்டோர்ஸில் போல்ட்டை யாரும் எண்ணுவதில்லை, எடைதான் போடுவார்கள். ஆகவே ஈஆர்பியில் அதன் அலகு கிலோ. வெப்சைட்டில் விற்பது நூறு எண்ணிக்கை கொண்ட பாக்கெட். ஒரு போல்ட் 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் பாக்கெட் 2 கிலோ. ஸ்டாக் 500 கிலோ என்றால் விற்க இருப்பது 250 பாக்கெட். அலகு மாற்றத்தைச் சொல்லிக்கொடுக்காத பிளகின் 500 என்ற எண்ணை அப்படியே அனுப்பும். வெப்சைட்டில் 500 பாக்கெட் என்று ஏறிவிடும். இல்லாத 250 பாக்கெட்டை விற்ற பிறகுதான் விஷயம் தெரியவரும்.

அடுத்து, எந்த 500? ஈஆர்பிநெக்ஸ்ட் ஒரே பொருளுக்குப் பல எண்கள் வைத்திருக்கும். கையில் இருப்பது ஒன்று. மற்ற வாடிக்கையாளருக்கு ஒதுக்கியது ஒன்று. வரவேண்டியதைக் கூட்டி, தரவேண்டியதைக் கழித்த உத்தேச இருப்பு இன்னொன்று. பாடிக் கம்பெனியின் ஷெட்யூலுக்கு 200 கிலோ ஒதுக்கியிருந்தால் வெப்சைட்டுக்கு மிச்சம் 300 கிலோதான். உத்தேச இருப்பை அனுப்பினாலோ, இன்னும் சப்ளையர் லாரி ஏறாத சரக்கும் விற்பனைக்கு வந்துவிடும். முலாம் பூச ஜாப் ஒர்க்குக்குப் போன போல்ட் கணக்கில் நம்முடையதுதான். ஆனால் இருப்பது முலாம் பட்டறையில். அந்த வேர்ஹவுஸை வெப்சைட் கூட்டலில் சேர்க்கக் கூடாது என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். பிளகின் எழுதியவருக்கு உங்கள் முலாம் பட்டறை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ஐட்டம் கோடு தனிக் கதை. ஸ்டோர்ஸில் ஒரு கோடு, வெப்சைட் செய்து கொடுத்தவர் வைத்தது ஒரு கோடு, டிராயிங்கில் வேறொன்று. நடுவில் ஓர் இடைவெளி கூடினாலும் மென்பொருளுக்கு அது வேறு பொருள். கஸ்டமர் பெயரும் அப்படித்தான். “அண்ட் கோ” என்றும் “அண்ட் கம்பெனி” என்றும் இரண்டு லெட்ஜர் திறந்துவிடும். பெயரை விட்டுவிட்டு, 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை வைத்து அடையாளம் காணுங்கள்.

“டூ-வே சிங்க்தான் பெஸ்ட்.”

விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். எனக்கு உடன்பாடில்லை. ஆயுத பூஜை தள்ளுபடிக்காக வெப்சைட்டில் ஒருவர் விலையைக் குறைக்கிறார். இரவு ஈஆர்பி தன் பழைய விலையை அனுப்பி அதை அழிக்கிறது. அல்லது இன்னும் மோசமாக, வெப்சைட்டின் தள்ளுபடி விலை ஈஆர்பிக்குள் போய், ரேட் கான்ட்ராக்ட் கஸ்டமரின் பில்லிலும் உட்கார்ந்துகொள்கிறது. எது சரி என்று இரண்டு மென்பொருளுக்கும் தெரியாது.

ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். ஸ்டாக், விலை, எச்எஸ்என் கோடு ஈஆர்பிக்கு. படம், விளக்கம், தேடலில் வரவேண்டிய சொற்கள் வெப்சைட்டுக்கு. ஆர்டர் வெப்சைட்டில் பிறக்கும். ஈஆர்பிக்குள் வந்த பிறகு அங்கேதான் வளரும். அதுவும் ட்ராஃப்டாகவே வரட்டும். ஈஆர்பிநெக்ஸ்டில் ஒருமுறை சப்மிட் செய்த ஆவணத்தை இஷ்டத்துக்குத் திருத்த முடியாது; பெரிய மாற்றமென்றால் ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். ஆகவே இதுவரை டைப் அடித்தவர் இனி சரிபார்த்து சப்மிட் செய்யட்டும். ஆளைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்ட முதலாளிகளுக்கு இது பிடிக்காது, தெரியும்.

“நொடிக்கு நொடி அப்டேட் ஆகணும்.”

ஒரு நாளைக்கு இருபது ஆர்டர் வரும் கடைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும். உடனடி என்று சொல்லப்படுவதும் எப்போதும் உடனடியாக நடப்பதில்லை. ஆர்டர் விழுந்ததும் வூகாமர்ஸ் வெப்ஹூக் மூலம் தகவல் தள்ளும். எதிர்ப்பக்கத்திலிருந்து தொடர்ந்து ஐந்து தடவைக்கு மேல் பதில் வராவிட்டால், அது அந்த வெப்ஹூக்கைத் தானாகவே முடக்கிவிடும். மறுபடியும் ஒருவர் போய் இயக்கும்வரை மௌனம்தான். ஈஆர்பி சர்வர் ஸ்டோர்ஸ் பக்கத்து அறையில் இருந்து, மின்வெட்டில் யுபிஎஸ்ஸும் கைவிட்டால் இப்படி முடங்க அரை நாள்கூட ஆகாது.

இன்னொன்றும் உண்டு. அலுவலக பிராட்பேண்டில் பெரும்பாலும் நிலையான ஐபி முகவரி இருக்காது. ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருவதும் உண்டு. வெளியில் இருக்கும் வெப்சைட்டால் உள்ளே இருக்கும் ஈஆர்பியின் கதவைத் தட்ட முடியாது. இதற்காக ரவுட்டரில் ஓட்டை போட்டு ஈஆர்பியை இணையத்தில் திறந்துவைப்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. திசையை மாற்றினால் போதும்: ஈஆர்பி பக்கத்திலிருந்து வெளியே போய், கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பிறகு வந்த ஆர்டர்களைக் கேட்டு வாங்கட்டும், திரும்பும்போது ஸ்டாக்கைச் சொல்லிவிட்டு வரட்டும். கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வெப்சைட் ஆர்டர் எண்ணை ஈஆர்பி ஆர்டரில் அதற்கென ஒரு பெட்டியில் எழுதி, அது இரண்டாம் முறை வந்தால் தள்ளிவிடச் சொன்னால் ஒரே ஆர்டர் இருமுறை ஏறாது.

நேரம் குறித்த வேலையை வேர்ட்பிரஸ் பக்கம் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் உள் அட்டவணை, யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். இரவு இரண்டு மணிக்கு போல்ட் தேடி யாரும் வராவிட்டால், இரண்டு மணி வேலை காலையில்தான் நடக்கும். சர்வரின் சொந்த அட்டவணையான கிரானில் போடுங்கள்.

“வெப்சைட்டே இன்வாய்ஸ் கொடுத்துடும்.”

கொடுக்கும், ஆடிட்டர் தலையில் கை வைப்பார். ஜிஎஸ்டி விதி 46-இன்படி இன்வாய்ஸ் எண் வரிசையாக, நிதியாண்டுக்குள் ஒருமுறை மட்டும், 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். வூகாமர்ஸின் ஆர்டர் எண்ணோ, வெப்சைட்டின் பக்கம், படம், பொருள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே எண்வரிசையிலிருந்து வருவது. 1043-க்கு அடுத்த ஆர்டர் 1051 ஆக இருக்கலாம். நடுவில் படங்கள் ஏற்றியிருப்பார்கள். அதை இன்வாய்ஸ் எண்ணாக்கினால், காணாமல்போன பில்கள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

வரியிலும் சிக்கல் உண்டு. வூகாமர்ஸ் வழக்கமாக டெலிவரி முகவரியைப் பார்த்து வரி போடும். புதுச்சேரி கம்பெனி ஒன்று தன் பெயருக்கு பில் கேட்டு, சரக்கை மட்டும் சென்னையில் இன்னொரு கம்பெனிக்கு அனுப்பச் சொல்கிறது. சப்ளை நடந்த இடம் சட்டப்படி புதுச்சேரி, ஆகவே ஐஜிஎஸ்டி 18 சதவீதம். வெப்சைட் தமிழ்நாடு என்று நினைத்து சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று போடும். மொத்தத் தொகை ஒன்றே என்பதால் ரிட்டர்ன் தாக்கலாகும்வரை யார் கண்ணிலும் படாது.

ஓப்பன் சோர்ஸில் ஜிஎஸ்டி வராது என்ற பேச்சும் பழசாகிவிட்டது. ஈஆர்பிநெக்ஸ்டுக்கு இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற செயலி, அதுவும் ஓப்பன் சோர்ஸாகவே, இ-இன்வாய்ஸ், இ-வே பில் இரண்டையும் கவனிக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் கம்பெனிகளுக்கிடையிலான விற்பனைக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம், 2023 ஆகஸ்ட் 1 முதல். பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார் எதை மாற்றினார் என்ற திருத்தப் பதிவும் அணையாமல் ஓட வேண்டும். இரண்டு இடத்தில் இன்வாய்ஸ் போட்டால் இதையெல்லாம் இரண்டு இடத்திலும் காப்பாற்ற வேண்டும். வெப்சைட் தருவது ஆர்டர் ரசீது மட்டும். இன்வாய்ஸ் ஈஆர்பியிலிருந்து மட்டும்.

“ஜிபிஎல்னா நம்ம கோடையும் ஊருக்குக் கொடுக்கணும்.”

வேண்டாம். உங்கள் கம்பெனிக்குள் பயன்படுத்த எழுதிய இணைப்பு நிரலை வெளியிட ஜிபிஎல் கேட்பதில்லை. அதை மற்றவருக்குக் கொடுத்தாலோ விற்றாலோதான் மூலநிரலும் கூடப் போக வேண்டும். ஏஜிபிஎல் உரிமம் வேறு மாதிரி. அதைத் தொடும்முன் படித்துப் பாருங்கள். விலைப் பட்டியலும் கஸ்டமர் லிஸ்டும் எந்த உரிமத்தின் கீழும் வருவதில்லை.

“கோடு வெளியில இருந்தா ஹேக் பண்ணிடுவாங்க.”

கோடைப் படித்து உடைப்பவரைவிட, அப்டேட் செய்யாத பழைய பிளகின் வழியாக நுழைபவர்தான் இங்கே ஆபத்து. இணைப்புக்கு அட்மினிஸ்ட்ரேட்டரின் ஏபிஐ சாவியைக் கொடுத்து, அதை வேர்ட்பிரஸில் சேமித்து வைப்பது பேட்டையில் சகஜம். வெப்சைட் போனால் சம்பளப் பட்டியல்வரை போகும். ஆர்டர் எழுதவும் ஸ்டாக் படிக்கவும் மட்டும் உரிமை உள்ள தனி யூசர் ஒன்றை உருவாக்குங்கள். ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளரின் போன் எண், முகவரி இருப்பதால் இது வெறும் கம்ப்யூட்டர் விவகாரமும் இல்லை. தனிநபர் தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

“எல்லாரும் பண்றாங்க, நாமளும் பண்ணிடலாம்.”

டிராயிங் கொடுத்தால் செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வூகாமர்ஸே தேவையில்லை. வெப்சைட்டின் என்கொயரி ஃபார்ம் நேராக ஈஆர்பியில் ஒரு லீடாக விழுந்தால் போதும். யாரும் திறக்காத மெயிலில் கிடப்பதைவிட மேல். வெப்சைட்டே இனிமேல்தான் என்றால், ஓடூவிலும் ஈஆர்பிநெக்ஸ்டிலும் அவற்றின் சொந்த வலைப்பக்க வசதி உண்டு. இரண்டாவது மென்பொருள் இல்லாவிட்டால் இணைக்கும் வேலையே இல்லை.

கடை நடத்தியே தீர வேண்டும் என்பவர்கள், கொட்டேஷன் கேட்கும் முன் ஸ்டோர்ஸ்காரரையும் வெப்சைட் பார்ப்பவரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். அதிகம் ஓடும் இருபது ஐட்டங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரு பக்கத்துக் கோடு, அலகு, வேர்ஹவுஸ், விலை யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தாள் நிரம்பும்வரை பிளகின் விற்பவருக்கு போன் போட வேண்டாம்.