மாதம் பார்த்துக் கிளம்புங்கள்

மழை விட்ட மார்கழி, தையில் வேடந்தாங்கலுக்குப் போங்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். மாலை நாலு மணிக்கு மேல் போனால், இரை தேடிப் போனவை கூட்டங்கூட்டமாகத் திரும்புவதைப் பார்க்கலாம். பைனாகுலர் அவசியம். பளிச்சென்ற சட்டையும் சத்தமும் வேண்டாம்.

சித்திரை வெயிலில் மாமல்லபுரமா? விடிந்ததுமே அங்கே இருங்கள். அர்ச்சுனன் தபசு சாலையோரமே இருக்கிறது, பார்க்கக் காசு வேண்டாம். பாறையில் தவம் செய்யும் பூனையைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். ஐந்து ரதத்துக்குச் சீட்டு உண்டு. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். கடலில் மட்டும் இறங்க விடாதீர்கள், அலையின் இழுப்பு பொல்லாதது.

சாதாரண நாட்களுக்குச் செங்கல்பட்டின் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு நடை போதும். ஐப்பசி அடைமழையில் பேசாமல் வீட்டிலேயே இருங்கள்!