மறதியா, மங்கலா?

எம்.எஸ். என்னும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்த பிறகு கணக்கு வேலையில் என் வேகம் குறைந்தது. பில்லில் பார்த்த தொகை, கணினியில் ஏற்றுவதற்குள் நினைவிலிருந்து நழுவிவிடும். மூளை மந்தமாகிறதோ என்று பயம். கண் பரிசோதனையில் 6/6 என்று வந்ததால் கண்ணை யாரும் சந்தேகிக்கவில்லை.

ஆனால் 6/6 என்பது வெள்ளைப் பலகையில் உள்ள கறுப்பு எழுத்தைப் படிக்கும் திறன் மட்டுமே. இந்த நோயில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைகிறது. பார்வை நரம்பும் அதற்குத் தப்புவதில்லை. அழற்சி வந்து ஆறிய கண்ணுக்குப் பலகை எழுத்து தெரியும். வெளிறிய அச்சு தெரியாமல் போகலாம், சிவப்பு சாயம் போனதுபோல் இருக்கலாம். கண்ணை அசைக்கும் நரம்புப் பாதை பழுதானால் வரிகள் தாவும், இரட்டையாகத் தெரியும். பார்த்தது என்னவென்று பிடிபடுவதற்கே கவனமெல்லாம் செலவானால் நினைவில் எது தங்கும்?

மூளைக்கு ஒன்றுமில்லை என்றும் ஒதுக்கிவிட முடியாது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிந்தனைத் திறனில் ஏதோ ஒரு குறை வருகிறது. அதிகம் அடிபடுவது தகவலைக் கையாளும் வேகம். ஓசிடி ஸ்கேனில் விழித்திரை நரம்பிழைப் படலம் மெலிந்து தெரிகிறவர்களிடம் மூளைச் சுருக்கமும் இந்தக் குறையும் சேர்ந்து காணப்படுவதுண்டு. அதனால்தான் எது கண்ணால், எது மூளையால் என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். எனக்கு உதவியவை இவை:

1. சிந்தனைத் திறன் சோதனைக்கு முன்பே கண் நிலையைச் சொல்லிவிடுங்கள். வேகத்தை அளக்கும் எஸ்.டி.எம்.டி. சோதனையில், ஒன்பது குறிகளுக்குரிய எண்களை 90 விநாடிக்குள் முடிந்தவரை சொல்ல வேண்டும். குறி மங்கினால் மதிப்பெண் குறையும். பழி மூளைமேல் விழும். காதால் கேட்டு எண்களைக் கூட்டும் பாசாட் சோதனையும் உண்டு. அதில் நான் தடுமாறாததால்தான் கண்மீது கவனம் திரும்பியது.

2. வெளிறிய எழுத்துகள் கொண்ட கான்ட்ராஸ்ட் பலகையிலும் பார்வையைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

3. உடல் சூடேறினால் பார்வை மங்கும். இதை 1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் உஹ்தாஃப் விவரித்தார். உடல் குளிர்ந்ததும் பார்வை பழையபடி ஆகிவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் எண் சரிபார்க்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். வெந்நீர்க் குளியல் கிடையாது.

4. எழுத்தைப் பெரிதாக்கி, அழுத்தமான கறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதமென்றால் வரிக்கு அடியில் ஸ்கேல் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசாதபடி உட்காருங்கள்.

5. பாதி வேலையைக் காதுக்குக் கொடுங்கள். நீளமான மின்னஞ்சலைப் போனே வாசிக்கட்டும். ஓடிபி எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுங்கள்.

6. வீட்டாரிடமும் விளக்கிவிடுங்கள். “மறந்துட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி இப்போது, “கண்ணுக்குத் தெரிஞ்சுதா?” என்றுதான் முதலில் கேட்கிறாள். சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: காய்ச்சலோ வெயிலோ இல்லாமல் புதிதாகப் பார்வை மங்கி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ, களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.