வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குமுன்



அரிசி மூட்டையைப் பிரித்து, கையிலள்ளிப் பார்த்தே கொள்முதல் செய்யும் நாம், வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் விலைச்சீட்டைப் பார்த்து முடித்துவிடுகிறோம். நானும் 2024-இல் மலிவென்று பழையதொன்றை வாங்கினேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11-ஐ அது ஏற்கவில்லை. மகளின் பாடங்களும் கடைக் கணக்கும் அதிலே. வேறு வாங்க நேர்ந்தது. மலிவு இரட்டைச் செலவாயிற்று.

ஆகவே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, தேவையை எழுதிக்கொள்ளுங்கள். பாடம், கடிதம், கணக்கு ஆகியவற்றுக்கு விலையுயர்ந்த சிப் வேண்டியதில்லை.

இரண்டாவது, ரேம் 8 ஜிபி, சேமிப்பு 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இவற்றில் குறைக்காதீர்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதுமென்பார்கள்; நடைமுறையில் திணறும். பல லேப்டாப்களில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்டவும் இயலாது.

மூன்றாவது, பழையதாயின் இண்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். ரசீதில் தலைமுறையையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள்.

சரக்கறிந்து வாங்குவது நம் தொழில். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் பயன்படட்டும்.