வெள்ளெழுத்தும் முதுமையின் முதல் நாளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மனிதன் எந்த நாளில் கிழவனாகிறான்? சட்டத்தைக் கேட்டால் அறுபது என்று விடை வரும். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. நம் பாட்டியல் நூல்களைக் கேட்டாலோ, பேதை, பெதும்பை என்று பெண்ணின் ஏழு பருவங்களை எண்ணிக்கொண்டே வந்து, பேரிளம்பெண் என்னும் ஏழாம் பருவத்தை நாற்பது வயதோடு முடித்துவிடுகின்றன. அதற்கு மேற்பட்ட பெண்ணுக்கு அங்கே பெயரே இல்லை! ஊர்ப் பெரியவர்கள் நரையைச் சொல்வார்கள், பல்லைச் சொல்வார்கள், படியேறும்போது முழங்கால் பேசும் பேச்சைச் சொல்வார்கள்.

ஆனால் ஒருவர் தம் மனத்துக்குள், 'நமக்கும் வயதாகிவிட்டது போலிருக்கிறதே' என்று முதன்முதலாகச் சொல்லிக்கொள்ளும் நாள் இந்தக் கணக்குகளில் வருவதில்லை. பெரும்பாலோருக்கு அந்தச் செய்தியை முதலில் கொண்டுவருவது கண்தான். நரையைச் சாயம் பூசி மறைக்கலாம். பேருந்தில் ஒரு சிறுவன் 'தாத்தா' என்றால் அவனை முறைத்துப் பார்த்துத் தப்பிக்கலாம். ஊசியின் காது தெரியவில்லை என்றால் என்ன செய்வது? ஒளியியலைப் பாடமாகப் படிக்கும் மாணவன் என்ற முறையில், இந்த ஓர் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய விரும்புகிறேன்.

இதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று அழகான பெயர் உண்டு. அச்சிட்ட எழுத்தின் கறுப்பு வெளிறித் தெரிவதால் வந்த பெயர். சாளேசுரம் என்றும் சொல்வர். இந்தியில் நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற சொல்லே இப்படித் திரிந்தது என்பர். நோயின் பெயரிலேயே வயதைப் பொதிந்து வைத்தவர்கள், அனுபவத்தால் அதை நன்கு அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். 'நாற்பதுக்கு மேல் நாய்க்குணம்' என்ற பழமொழியில்கூட, படிக்க முடியாத எழுத்தின் எரிச்சலுக்கும் ஒரு பங்கு இருக்குமோ என்று எனக்கு ஐயம்.

கண்ணுக்குள் நடப்பது என்ன? நம் விழி லென்சைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அதற்குச் சிலியரித் தசை என்று பெயர். அதையும் லென்சையும் மெல்லிய இழைகள் இணைக்கின்றன. தொலைவில் உள்ள பொருளைப் பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும். இழைகள் லென்சை இழுத்துத் தட்டையாக வைத்திருக்கும். அருகில் பார்க்க வேண்டுமானால் தசை சுருங்குகிறது, இழைகள் நெகிழ்கின்றன, லென்சு தன் மீள்தன்மையால் பருத்துக்கொள்கிறது. பருத்த லென்சுக்குத் திறன் அதிகம். இதை 1855-ல் விளக்கியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். நம் பாடநூல்கள் இதை விழி ஏற்பமைவு என்கின்றன.

இங்கே சிக்கல் தசையில் அல்ல. அது நெடுங்காலம் வலிமையோடு இருக்கிறது. லென்சுதான் இறுகிப்போகிறது. தோலில் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வருகின்றன. லென்சில் உதிர்தல் என்பதே இல்லை. வெங்காயத்தின் மேல் தோல் சேர்வதுபோல் வெளியே புதிய அடுக்குகள் சேர்ந்துகொண்டே போக, பழையவை நடுவில் அழுந்திக் கிடக்கின்றன. நடுமையத்தில் உள்ள புரதம் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பெருகிய கார்பன்-14-ஐ அளவுகோலாகக் கொண்டு டென்மார்க் அறிஞர்கள் 2008-ல் இதை உறுதிப்படுத்தினர். ஒருவரின் உடலில் அவர் வயதை முழுதாகச் சுமந்துகொண்டிருக்கும் மிகச் சில பொருள்களில் இது ஒன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். கண்ணின் ஏற்பமைவு வயதோடு எப்படிக் குறைகிறது என்பதை டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1864-ல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். அவரும் பின்வந்தோரும் அளந்தவற்றைத் தொகுத்து, ஹாஃப்ஸ்டெட்டர் என்ற அமெரிக்கர் 1950-ல் எளிய சூத்திரம் ஒன்று தந்தார். வயதை 0.3-ஆல் பெருக்கி, 18.5-லிருந்து கழிக்க வேண்டும். கிடைப்பது சராசரி ஏற்பமைவுத் திறன், டயாப்டரில். பத்து வயதில் 15.5, இருபதில் 12.5, முப்பதில் 9.5, நாற்பதில் 6.5, ஐம்பதில் 3.5. ஆண்டுதோறும் அதே 0.3 குறைகிறது. நாற்பதில் திடீரென ஒன்றும் நிகழவில்லை. பள்ளிச் சிறுவனாகக் கோலி விளையாடிய காலத்திலும் அதே வேகத்தில்தான் கண் மூப்படைந்துகொண்டிருந்தது!

அப்படியானால் முப்பது ஆண்டுகள் யாரும் உணராத ஒன்று, நாற்பதை ஒட்டி மட்டும் எப்படி இடிபோல் வந்து விழுகிறது? விடை ஒரு தலைகீழ்ப் பின்னத்தில் இருக்கிறது. கண் தெளிவாகக் காணக்கூடிய மிக அருகிய இடத்தை அண்மைப் புள்ளி என்கிறோம். நூறை டயாப்டரால் வகுத்தால் அது சென்டிமீட்டரில் கிடைக்கும். பத்து வயதில் 6.5 செ.மீ.; இருபதில் 8; முப்பதில் 10.5, நாற்பதில் ஏறக்குறைய 15, ஐம்பதில் 28-க்கும் மேல். பத்திலிருந்து இருபது வரை அண்மைப் புள்ளி ஒன்றரை சென்டிமீட்டர்தான் விலகுகிறது. எவரும் புத்தகத்தை மூக்குக்கு எட்டு சென்டிமீட்டரில் வைத்துப் படிப்பதில்லை. எனவே இழப்பு தெரிவதில்லை. நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள்ளோ அதே இழப்பு 13 சென்டிமீட்டராக வெளிப்படுகிறது. இழப்பு சீரானது. உணர்வுதான் சீரானதன்று.

இன்னொன்றும் உண்டு. உள்ள திறன் முழுவதையும் தொடர்ந்து செலவிட முடியாது. பாதியைக் கையிருப்பாக வைத்துக்கொண்டால்தான் கண் களைக்காது என்பது கண்ணாடி எழுதித் தருவோர் கடைப்பிடிக்கும் பொதுவிதி. 40 செ.மீ. தொலைவில் நாளிதழ் படிக்க 2.5 டயாப்டர் தேவை, கையிருப்போடு 5. சூத்திரப்படி அது தீரும் வயது 45. ஒரு மீட்டர் தொலைவில் வேலை செய்பவருக்கு 55 வரை கவலை இல்லை. 30 செ.மீ. தொலைவில் நாள் முழுதும் நூலையும் துணியையும் பார்ப்பவருக்கோ நாற்பதுக்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது. இவை சராசரிதான், ஆளுக்கு ஆள் சில ஆண்டுகள் முன்பின்னாகும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துக்கொள்வதால், அவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. ஆனால் பொதுவாக ஒன்று தெரிகிறது: ஒரே வயதுடைய இருவரில் யார் முதலில் கிழவராக உணர்வது என்பதை அவரவர் தொழில் முடிவு செய்கிறது. வரப்பில் நிற்பவருக்கு ஒரு நாள். தைப்பவருக்கு வேறொரு நாள்.

இதை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. என் தந்தையார் தையற்காரர். வீட்டுத் திண்ணையே கடை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் புத்தகச் செலவு அந்த மிஷினிலிருந்துதான் வருகிறது. அவருக்கு இப்போது வயது 46. நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் ஊசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகத் தொடங்கினார். வெயிலில் கோத்தால் நூல் நுழைந்துவிடும். இதற்கும் இயற்பியல் உண்டு: ஒளி மிகுந்தால் கண்பாவை சுருங்குகிறது, சிறிய துளை வழியே செல்லும் ஒளியால் உருவாகும் பிம்பத்தில் மங்கல் குறைகிறது. அட்டையில் குண்டூசியால் துளையிட்டு அதன் வழியே பார்த்தாலும் மங்கலான எழுத்து தெளியும். வேண்டுவோர் வீட்டுப் பெரியவரிடம் சோதித்துப் பார்க்கலாம்.

பிறகு வாசல் வெளிச்சமும் போதவில்லை. "பாப்பா, இதைக் கோத்துக் குடுத்துட்டுப் போம்மா" என்று என் தங்கையைப் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் கூப்பிடுவார். அவள் ஐந்தாறு ஊசிகளில் நூல் கோத்துச் சட்டத்தில் குத்தி வைத்துவிட்டுப் போவாள். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார், செய்து கொடுத்தேன். அடுத்து, கையால் காஜா எடுக்கும் வேலையை வெளியே கொடுத்தார். அதற்கான கூலி போயிற்று. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் பிரித்துத் தைக்கும் வேலை வந்தால், "இந்த வாரம் கை நிறைய வேலை" என்று திருப்பி அனுப்பினார். அந்த வாரம் கை நிறைய வேலை இருந்ததில்லை.

"கண்ணாடி போட்டா என்னப்பா?" என்று கேட்டேன்.

"தையக்காரன் கண்ணாடி போட்டா, கண்ணு தெரியாதவன்கிட்ட துணியக் குடுக்கலாமான்னு யோசிப்பாங்கடா" என்றார்.

அவர் சொன்னது வெறும் வீம்பு அன்று. வாடிக்கையாளர் ஒருவர் குறைந்தால் என்னவாகும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆகவே நான் கெஞ்சவில்லை; வெள்ளைத் தாளில் மேலே எழுதிய கணக்கைப் போட்டுக் காட்டினேன். 46 வயதுக்கு 4.7 டயாப்டர், பாதி 2.35, கைத்தையலுக்கு வேண்டியது 3.3, குறைவது ஒரு டயாப்டர் அளவு. "ஒண்ணுதானா?" என்றார். 'கண் கெட்டுவிட்டது' என்று நினைத்திருந்தவருக்கு, அது ஓர் எண் என்றதும், அதுவும் சிறிய எண் என்றதும், முகம் சற்று மாறியது.

இடையில் பாடநூலைப் பற்றியும் ஒரு சொல். தெளிவுறு காட்சியின் மீச்சிறு தொலைவு 25 செ.மீ. என்று மனப்பாடம் செய்கிறோம். இயல்பான கண்ணுக்கு என்றும் சேர்த்து எழுதுகிறோம். யாருடைய கண்? சூத்திரத்தில் 25 செ.மீ.க்கு உரிய 4 டயாப்டரைப் போட்டால் 48 வயது வருகிறது. பாதிக் கையிருப்போடு கணக்கிட்டால் 35. நுண்ணோக்கியின் உருப்பெருக்கத்தை எல்லோரும் ஒரே அளவில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொண்ட எண் அது. வகுப்பில் எங்கள் அண்மைப் புள்ளியை அடிக்கோல் வைத்து அளந்தபோது எனக்கு 9 செ.மீ. வந்தது. எழுத்தைக் கண்ணை நோக்கி மெல்ல நகர்த்தி, மங்கத் தொடங்கும் இடத்தைக் குறித்தால் போதும்; ஆய்வுக்கூடமே வேண்டாம்.

இருபது வயதினரான நாம் இதைப் பெற்றோர் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்கிறோம். மேல் எல்லை இளமையிலிருந்தே இறங்கத் தொடங்குகிறது. இதைப் பயன்படுத்தி 2005-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு கருவி செய்தார்கள். 17,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலி எழுப்பி, கடை வாசலில் கூடும் இளைஞரை மட்டும் விரட்டுவது அதன் வேலை. 25-ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அது கேட்பதில்லை. கடைக்காரர் நிம்மதியாக உள்ளே அமர்ந்திருக்கலாம். எனக்கு அந்தக் கருவியின் நோக்கம் பிடிக்கவில்லை. ஆனால் இருபத்தைந்திலேயே ஒரு கதவு சாத்தப்படுகிறது என்பதற்கு நல்ல சான்று.

மூக்குக் கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. 1352-ல் டோமாசோ த மோதெனா என்ற ஓவியர், ட்ரெவிசோ நகரில் ஒரு கிறித்தவத் துறவியைக் கண்ணாடியோடு வரைந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் துறவி 1263-லேயே, கண்ணாடி தோன்றுமுன்பே காலமானவர்! கல்விமான் என்று காட்டக் கண்ணாடியை மாட்டிவிட்டார் போலும். அங்கே அறிவின் அடையாளமாக இருந்தது, நம் தெருவில் தள்ளாமையின் அடையாளமாகிவிட்டது. இத்தனைக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி வெறும் குவிலென்சு. அதில் நுணுக்கமோ பெருஞ்செலவோ இல்லை. இருந்தும் 2015-ல் உலகில் வெள்ளெழுத்து உள்ள 180 கோடிப் பேரில் ஏறக்குறைய 82 கோடிப் பேர் போதிய கண்ணாடியின்றிப் பார்வைக்குறையோடு இருந்தனர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அது கூலியை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் முதலில் கண்ணாடி கொடுத்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, கண்ணாடி அணிந்தோர் பறித்த கொழுந்து, மற்றவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. கொழுந்து பறிப்பது தையலைப்போல நுண்ணிய வேலைகூட இல்லை.

கணக்குப் போட்டுக் காட்டியதற்காக நானே கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிடவில்லை. நாற்பதுக்கு மேல் கண்ணழுத்தமும் சர்க்கரை நோயின் பாதிப்பும் சத்தமின்றி வரக்கூடியவை. அவற்றைச் சூத்திரம் காட்டாது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வேறு கோளாறு இல்லை என்று சொல்லி, இரு கண்ணுக்கும் ஒன்றேகால் எழுதிக் கொடுத்தார்கள். சந்தைநாள் கூட்டம் போன பிறகே முதலில் அணிந்தார். பிறகு பகலிலும் அணிந்தார். துணி கொடுக்க வந்த ஓர் அம்மாள், "கண்ணாடி எடுப்பா இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கறுப்பு ரவிக்கைத் துணியை நீட்டினார்.

அன்றிரவு, அறுபது வயதில் எவ்வளவு இருக்கும் என்று தந்தையார் கேட்டார். அரை டயாப்டர் என்றேன்.

"அப்ப மூணு நம்பர் கண்ணாடி வேணும், இல்லையா?" என்றார், தாமே கழித்துப் பார்த்து. ஆமாம் என்றேன். பாபினில் நூல் தீர்ந்திருந்தது, மாற்றப் போய்விட்டார்.