கோடையில் கரை காப்போம்

நுழையும்முன்

உடலைப் போலவே மனமும் நோயுறும். உரிய மருத்துவத்தால் நலம் பெறும். நீங்கிய நோய் மீண்டும் வராமல் காப்பது எவ்வாறு? மனச்சோர்வு நோயை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்து, முதலாம் இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் உள்ளது. இன்று அது பொன்னேரி எனப்படுகிறது. வெள்ளம் வந்தபின் உடைப்பை அடைப்பதைவிடக் கோடையிலேயே கரையைப் பலப்படுத்துவது எளிது என்பதை ஏரிப்பாசன உழவர் அறிவர். மனநலம் காப்பதற்கும் இது பொருந்தும்.

மீண்டும் வருவது ஏன்?

இரு வாரங்களுக்கு மேல் நீங்காத துயரம், எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறுபடுதல், தன்னைத் தாழ்வாக எண்ணுதல் ஆகியன மனச்சோர்வின் அறிகுறிகள். இது சோம்பலும் அன்று, கோழைத்தனமும் அன்று. ஒருமுறை இந்நோய்க்கு ஆளானவர்க்கு அது மீண்டும் வரக்கூடும். வருந்தோறும் அவ்வாய்ப்பு மிகுகிறது.

நோயிலிருந்து மீண்ட மாணவர் ஒருவர் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெறுகிறார் எனக் கொள்வோம். மதிப்பெண் குறைந்தது நிகழ்வு. ‘நான் எதற்கும் உதவேன்’ என்பது எண்ணம். நோயுற்றிருந்த காலத்தில் பழகிய அவ்வெண்ணம் சிறு வருத்தத்திலும் விழித்துக்கொள்கிறது. அதையே அசைபோடும்போது வருத்தம் நோயாக வளர்கிறது.

எண்ணத்தை எண்ணமாகக் காணுதல்

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்னும் விழிப்புநிலைப் பயிற்சியை நோயாளர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதனை அறிதல்சார் உளச்சிகிச்சையுடன் இணைத்து, மனச்சோர்வு மீளாதிருக்கும் வழியை வகுத்தவர்கள் சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய உளவியலாளர்கள்.

நோய் தணிந்திருக்கும் காலத்தில், எட்டு வாரங்கள், குழுவாக இது கற்பிக்கப்படுகிறது. மூச்சையும் உடலுணர்வையும் கவனித்தல், அலையும் மனத்தைக் கடிந்துகொள்ளாமல் மீட்டு வருதல், எழும் எண்ணத்தை உண்மை என நம்பாமல் எண்ணமாகவே காணுதல் ஆகியன இதன் கூறுகள். எண்ணங்களை விரட்டுவது இதன் நோக்கமன்று.

145 பேரிடம் நடத்தப்பட்ட இவர்களது ஆய்வு 2000இல் வெளியானது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோயுற்றிருந்தோருள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர்க்கு நோய் மீண்டது. பயிற்சியும் பெற்றவர்களில் அது 37 விழுக்காடே. இருமுறை மட்டுமே நோயுற்றவர்களிடம் இப்பயன் காணப்படவில்லை. எனவே, இது அனைவர்க்குமான ஒரே மருந்தன்று. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துதலும் கூடாது.

உதவி அருகில் உண்டு

1996இல் இந்தியாவில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பெரம்பலூரும் அரியலூரும் முன்னர் அம்மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. மனநலச் சேவை பெருநகரங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. உடல்நோய்க்கு மருத்துவமனை செல்வது போலவே மனநோய்க்கும் தயங்காது செல்லுதல் வேண்டும். செல்பவரை இகழாதிருத்தல் நம் கடமை.

தெரிந்து தெளிவோம்

2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ‘டெலி மானஸ்’ என்னும் தேசியத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கற்பவை கற்றபின்

1. நிகழ்வு, எண்ணம் ஆகியவற்றின் வேறுபாட்டை உம் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
2. மனச்சோர்விலிருந்து மீண்டு பள்ளி திரும்பும் நண்பரிடம் எவ்வாறு பழகுவீர்? வகுப்பில் கலந்துரையாடுக.