ஹார்ட்வேர் கடைப் பொருளில் ஒளிவாள் கைப்பிடி: கம்ப்யூட்டரில் அச்சு வரைவோம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது, பிரிண்டரும் இருக்கிறது. கடிதம் அடிப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று பலர் கேட்கிறார்கள். இந்த மாதம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைச் செய்வோம்.

1977-ல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் லூக் ஏந்தும் ஒளிவாளின் கைப்பிடி, உண்மையில் பழைய கேமரா ஃப்ளாஷின் கைப்பிடி. அதன் மேல் ரப்பர் பட்டைகளை ஒட்டி அதை உருவாக்கியவர் ரோஜர் கிறிஸ்டியன். அதே படத்தில் ஓபி-வான் வைத்திருக்கும் வாளின் அடிமுனை, தண்ணீர்க் குழாயின் திருகு! பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1963-ல் அறிமுகமான டாலெக் எந்திரங்களின் ஒரு கை, அடைப்பு எடுக்கும் ரப்பர் பம்ப். பொருள் சாதாரணமானதுதான். அளவும் அமைப்பும் ஒழுங்காக இருந்தால் கண் நம்பிவிடும்.

எங்கள் தெருப் பிள்ளைகளின் நாடகத்துக்கு நான்கு கைப்பிடிகள் தேவைப்பட்டன. கையில் இருந்த பணம் ஆயிரம் ரூபாய். நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கையால் கோடு போட்டால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வரும். அதனால் கம்ப்யூட்டரில் ஒரே அச்சை வரைந்து நான்கு பிரதிகள் எடுத்தேன்.

தேவையான பொருட்கள்

32 எம்.எம். பி.வி.சி. பைப் 250 எம்.எம். நீளம், அதற்கேற்ற மூடி ஒன்று, ரப்பர் பட்டை, ஒட்டும் பசை, உப்புத்தாள், வெள்ளி நிற ஸ்ப்ரே பெயின்ட்.

அச்சு வரைதல்

1. ஒரு காகிதத் துண்டைப் பைப்பில் சுற்றி, முனை சேரும் இடத்தைக் குறித்து, ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். வெளிவிட்டம் 32 எம்.எம். என்றால் சுற்றளவு சுமார் 100.5 எம்.எம். வரும். ஆறு பட்டைகளுக்கு இதை 6-ஆல் வகுத்தால் 16.75.

2. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் டிரா புரோகிராமைத் திறந்து ஒரு செவ்வகம் வரையுங்கள். அதைத் தேர்வு செய்து எஃப்4 கீயை அழுத்தினால் 'பொசிஷன் அண்ட் சைஸ்' கட்டம் தோன்றும். அகலம் 16.75 எம்.எம்., உயரம் 250 எம்.எம். என்று கொடுங்கள்.

3. அதையே காப்பி செய்து, இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் ஆறு செவ்வகங்கள் வையுங்கள். இடது ஓர அளவு 20, 36.75, 53.5, 70.25, 87, 103.75 என்று வர வேண்டும்.

4. பி.டி.எஃப். ஆக மாற்றி ஏ4 தாளில் பிரிண்ட் கொடுங்கள்.

இங்கே கவனம்! பிரிண்ட் கட்டத்தில் 'ஃபிட்' என்று இருந்தால் படம் சுருங்கலாம். 95 சதவீதமாகச் சுருங்கினால் 100.5 எம்.எம். என்பது 95.5 ஆகிவிடும். பைப்பைச் சுற்றும்போது 5 எம்.எம். இடைவெளி விழும், பட்டைகள் கோணலாகத் தெரியும். எனவே 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்வு செய்யுங்கள். முதலில் ஒரு தாள் மட்டும் எடுத்து ஸ்கேலால் அளந்து சரிபாருங்கள். அளவு சரியாக இருந்த பிறகே பைப்பை அறுக்க வேண்டும். அலமாரி, சட்டம் என எதற்கு அச்சு எடுத்தாலும் இதே விதிதான்.

பொருத்துதல்

பைப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, திறந்த வெளியில் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். அச்சைச் சுற்றி டேப் ஒட்டி, கோடுகளின் இரு முனைகளையும் பைப்பில் குறித்துக் கொண்டு தாளை எடுத்துவிடுங்கள். குறிகளின் நேரே ரப்பர் பட்டைகளை ஒட்டி, அடியில் மூடியைப் போட்டால் கைப்பிடி தயார்.

விளக்கு வேண்டுமா? 9 வோல்ட் பேட்டரியுடன் சிவப்பு எல்.இ.டி.யை நேரடியாக இணைத்தால் கருகிவிடும். எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போக மீதி 7 வோல்ட். 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் இணைத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர்தான் பாயும்.

பைப் அறுக்கும்போது தூள் பறக்கும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். சிறுவர்களை அறுக்க விடாதீர்கள். கம்ப்யூட்டரில் வரைவதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள்.